வெளுத்த எண்ணெய், சிவந்த தண்ணீர்

ரசாயனம் தெரிந்தால் மருந்துக்கடையில் காலம் தள்ளிவிடலாம் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தவர்களே, உங்களுக்கு என் அனுதாபங்கள். பினாங்கில் நான் மருந்து கலக்கிய கடையில் அப்போது பாலியீன் சரக்குகளுக்குத்தான் கிராக்கி. கரி அணுக்கள் ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்போடு நீளமாகக் கோத்து நிற்கும் பொருள்கள் அவை. செம்பனை எண்ணெயின், அதாவது சுத்திகரிக்காத பாமாயிலின், சிவப்பு, குங்குமப்பூவின் நிறம், மீனெண்ணெயில் கண்ணுக்கு உதவும் சத்து எல்லாம் அந்த இனம்தான்.

கண்ணாடி அலமாரி

செம்பனை எண்ணெய்ப் புட்டிகளை முதலாளி தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். வெயில் பட்டால் அந்தப் பிணைப்புகள் அறுந்துவிடும், நிறம் போனால் சத்தும் போய்விடும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. சில வாரங்களில் சிவப்பு போய், எண்ணெய் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி நின்றது. ஒரு புட்டியைத் தூக்கிப் பார்த்த முதலாளி முகத்தில் துளி வருத்தம் இல்லை.

"நல்லதாப் போச்சு தம்பி, சுத்திகரிச்ச எண்ணெய்னு சீட்டு ஒட்டு!"

பூவின் சுறுசுறுப்பு

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் ஜவுளி விற்கும் பெரியவர், பிள்ளைத்தாச்சி மகளுக்கென்று எங்கோ மலிவாய் வாங்கிய குங்குமப்பூவைக் காட்டி, "அசல்தானே?" என்றார். இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஒன்றில் அவர் பூவையும் மற்றதில் எங்கள் பூவையும் போட்டேன். அவருடையது போட்ட மாத்திரத்தில் ரத்தமாய்ச் சிவந்தது. வெறும் சாயம். எங்களுடையது மெல்ல மெல்லப் பொன்னிறம் விட்டது; இழை மட்டும் சிவப்பாகவே இருந்தது. இதுதான் அசலின் அடையாளம் என்று விளக்கினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பொட்டலத்தை மடித்தார்.

"உங்க பூ சோம்பேறி லா தம்பி, நம்ம பூ எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்க!"

மாலைக்கண்

பத்து காவான் என்ற ஊரின் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் முனியனை அவன் மனைவி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். பகலில் பார்வை தெளிவு. விடியுமுன் மரத்தடிக்குப் போனால் ஒன்றும் தெரியாது. விழுந்து முழங்காலெல்லாம் புண். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி அவனைப் பிரம்பால் விளாசியிருந்தார். முதுகெல்லாம் வரி வரியாய்த் தழும்பு.

"இனிமே தெரியவே தெரியாதாண்ணே?" என்றாள் அவள். தெரியும் என்று சொல்லி, இருட்டில் வைத்திருந்த மீனெண்ணெயைக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் முனியன் விடியுமுன் தனியாகவே வெட்டுக்குப் போனான்.

தலைவலி மருந்துக்கு வந்த கிராணியிடம், அது நோய்தான், நடிப்பல்ல என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இப்ப கண்ணு தெரியுதில்ல? அப்ப அன்னிக்கு நடிச்சான்னுதானே அர்த்தம்!"

இத்தனை படித்துவிட்டுக் கடையில் நின்ற எனக்குக் கடைசிவரை உதவியது, பல்லைக் கடித்துக்கொண்டு "அடுத்தவர் வாங்க" என்று சொல்லும் பயிற்சி ஒன்றுதான்.