புது இன்ஜினும் அப்பாவின் வலது காலும்

அப்பாவின் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, வணக்கம். "தோல்வியே அறியாதவர்னு எழுதும்மா" என்றார் சித்தப்பா. அப்பா ஒருமுறை நன்றாகவே தோற்றார். அதைத்தான் எழுதுகிறேன். சித்தப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்து வளர்ந்தது மலாக்காவின் காஜா பேராங்கில். போர்க்காலத்தில் மலாக்காவின் தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். ஆகவே ரயிலே வராத ஊரிலிருந்து ரயில் வேலைக்குப் போனவர் அவர். கிம்மாஸ் ரயில் சந்திப்பில் இன்ஜின் துடைத்து, கரி அள்ளிப் போட்டு, சரக்கு ரயில் டிரைவரானார். வாரம் ஒருநாள் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார். காதுமடலில்கூடக் கரி இருக்கும்.

சுதந்திரம் வந்த காலத்தில் புது இன்ஜின்கள் வந்தன. டீசலை எரித்து, உள்ளேயே மின்சாரம் உண்டாக்கி ஓடுபவை. டிரைவரின் வலது காலுக்கடியில் ஒரு மிதி இருக்கும்; அதை மிதித்தபடியேதான் ஓட்ட வேண்டும். காலை எடுத்தால், டிரைவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று இன்ஜின் தானாகவே பிரேக் போட்டுவிடும். நீராவி இன்ஜின் ஓட்டியவர்களுக்கோ, வளைவு வந்தால் எழுந்து தலையை வெளியே நீட்டி, பின்னால் வரும் வேகன்களைப் பார்ப்பது ஊறிப்போன பழக்கம். புது இன்ஜின் ஓட்டுவதற்கான தேர்வு ஓட்டத்தில் அப்பாவும் எழுந்து பார்த்தார். மரமும் ரப்பரும் ஏற்றிய முழு ரயிலும் மேட்டில் நின்றுவிட்டது.

கூடவே வந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்த பரிசோதகர் நிமிர்வதற்குள், துணை டிரைவரான தெங்கேரா ஊர்க் காதர் மாமா, "மாடு குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடுவோம்ணே" என்று முணுமுணுத்தாராம்.

"நான்தான் சார் காலை எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டார் அப்பா.

தேர்வு போயிற்று. மறுதேர்விலும் தவறினால், பழைய இன்ஜின்களோடு அவரையும் ஓரங்கட்டிவிடுவார்கள். வீட்டில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். பிஸ்கட் டின்னின் மூடியை மேசைக்கடியில் வைத்தார். மிதித்தால் அமுங்கும், காலை எடுத்தால் டொக்கென்று எழும்பும். அதை மிதித்தபடியேதான் அப்பா சாப்பிட வேண்டும், பேப்பர் படிக்க வேண்டும். திடீரென்று அம்மா வாசலைப் பார்த்து, "செமாபோக்கிலேருந்து அண்ணன் வர்றாங்க" என்பார். அப்பா எழுந்துவிடுவார். டொக்.

"ரயிலு நின்னுருச்சு. உக்காருங்க."

சிரித்ததற்காக நான் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அடுத்த தேர்வில் அப்பா தேறினார். ஓய்வு பெறும்வரை சிங்கப்பூருக்கும் கிழக்குக்கரைக்கும் அந்த இன்ஜின்களில் சரக்கு இழுத்தார். காதுமடலில் கரி போய், காக்கிச் சட்டையில் டீசல் வாடையோடு வீட்டுக்கு வருவார்.

மருத்துவமனையில் கடைசி வாரம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா சொன்னார்: "பாஸ் பண்ண அன்னைக்கு, எப்படிப் பழகுனேன்னு பரிசோதகரு கேட்டாரு. நானே பழகிக்கிட்டேன்னு சொல்லிட்டேன். உன் பேச்சையே எடுக்கல. இத்தனை வருசமா மனசுல கிடக்கு."

"தெரியும். காதர் அண்ணன் அப்பவே சொல்லிட்டாரு" என்றார் அம்மா. "கஞ்சி ஆறுது, குடிங்க."

அப்பாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த காஜா பேராங் அண்டை வீட்டாருக்கும், துக்க வீட்டில் மூன்று நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த காதர் மாமா குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. அப்பா அன்று பரிசோதகரிடம் சொல்லாமல் விட்டதை, அவருடைய மகளாக நான் இங்கே அச்சில் ஏற்றுகிறேன்: அப்பாவைப் புது இன்ஜினுக்குப் பழக்கியவர் எங்கள் அம்மா.