வாசல் கொடியில் காக்கிச் சட்டை

மத்திகிரியில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரை வரை போகாது, மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அங்கே குழந்தை தும்மினால் இங்கிருந்து நான் 'நூறு' சொல்வேன்.

என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் பிரஸ் மிஷின் வேலை. நைட் ஷிப்ட் வந்தால் பகலில்தான் தூக்கம். மிஷின் முன்னால் கண் செருகினால் விரல் போய்விடும். கூட வேலை செய்த ஒருத்தருக்குப் போயே போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்கோ அந்தச் சுவரை ஒட்டித்தான் ஆட்டுக்கல். அது சுற்ற ஆரம்பித்தால் இவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் போய்க் கத்தியே விட்டேன்: "என்னக்கா, அந்த மனுசனுக்கு விரலு இருக்கணுமா, வேண்டாமா?"

அக்காவின் வீட்டுக்காரர் குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆட்டு வியாபாரி பாய். அக்கா சண்டைக்கு வரவில்லை. "எப்ப தூங்குறாருன்னு எனக்கெப்படித் தங்கச்சி தெரியும்? அவரு காக்கிச் சட்டைய வாசக் கொடியில போடு. அது தொங்குற வரைக்கும் கல்லத் தொடமாட்டேன்," என்றார். ரெண்டு பேருமாகச் சுவர் மேல் திறப்பில் ராகி வைக்கோல் திணித்த கோணிகளை அடுக்கினோம். சத்தம் பாதியானது. மீதியைச் சட்டை பார்த்துக்கொண்டது.

ஒருநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவரை பெங்களூர் ரோட்டில் லாரி அடித்துவிட்டது. பத்து விரலும் பத்திரமாக இருந்தது. ஆள்தான் இல்லை. ஐயோ, அந்த விரலுக்காகத்தானே அவ்வளவு பாடுபட்டேன்!

முந்தின நாள் துவைத்துப் போட்ட சட்டை கொடியிலேயே கிடந்தது. எடுக்கக் கை வரவில்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போனார்கள். பக்கத்தில் ரேடியோ இல்லை, பிள்ளைகள் சத்தம் இல்லை, கல் இல்லை. தூங்க ஆளில்லாத வீட்டில் அந்த அமைதி என்னைத் தின்றது.

ஒரு மத்தியானம், ஊறவைத்த அரிசிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு அக்கா கடைசி வீட்டுக்குப் போவதைப் பார்த்தேன்.

"ஏங்க்கா, உங்க கல்லுக்கு என்ன?"

அக்கா திரும்பி கொடியைப் பார்த்தார்.

போய்ச் சட்டையை எடுத்தேன். வெயிலில் தோள் வெளுத்திருந்தது. "உங்க வீட்டுலயே ஆட்டுங்கக்கா. இனிமே எந்திரிக்க ஆளில்ல."

கொஞ்ச நேரத்தில் கல் சுற்ற ஆரம்பித்தது. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதேன். கல் சட்டென்று நின்றது.

"நிறுத்தாதீங்கக்கா!" என்று கத்தினேன்.