வாசலில் நீந்திய நீர்க்காகம்

பறவை பார்ப்போருக்கான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பறவை, இடம், எண்ணிக்கை தவிர வேறெதுவும் எழுதக்கூடாது. காலை வணக்கம் போட்டவரையே அட்மின் அக்கா நீக்கியிருக்கிறார். ஊர் ஊராகத் திரிந்து வந்த எனக்குத் தாம்பரம் பக்கம் தெரிந்தவர்கள் அந்தக் குழுவினர் மட்டும்தான். அவர்களையும் இழக்கக்கூடாதென்று வேறு பேச்சே வைத்துக்கொள்வதில்லை.

அன்று மாலை முடிச்சூரில் என் வாடகை அறைக்குள் மழைத்தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. கட்டில்மேல் நின்றுகொண்டு அவசர எண்ணை அழைத்தேன், லைன் கிடைக்கவில்லை. குழுவில் உதவி கேட்டால் நீக்கிவிடுவார்களோ என்று தயங்கினேன். திறந்திருந்த கதவருகே ஒரு நீர்க்காகம் நீந்தியது. விதிப்படியே எழுதினேன்: "நீர்க்காகம், ஒன்று. முடிச்சூர், என் அறை வாசல்."

"வாசல்லயா? இன்னா சார், கலாய்க்கிறீங்களா? போட்டோ போடுங்க" என்றார் ஒருவர்.

போட்டேன். பறவைக்குப் பக்கத்தில் என் சோற்றுப்பானை மிதந்தது.

அட்மின் அக்கா உடனே எழுதினார்: "பறவைய விடுங்கண்ணா. நீங்க எந்தத் தெரு?"

அதன்பிறகு குழுவில் பறவையே வரவில்லை; கயிறு, படகு, வழி என்றே பேசினார்கள். இருட்டுவதற்குள் படகு வந்தது. அதில் உட்கார்ந்து 'நன்றி' என்று தட்டினேன். நன்றிக்கும் அங்கே தடை உண்டு. அனுப்பப் பயந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.