‘வாங்கப்படும்’ என்று ஒரு பலகை

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவே குமிழி என்றுதான் கூப்பிடும். மோட்டார் பம்பு பழுது பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், ஒருநாள் சாக்கடையில் குமிழி கிளம்புவதைப் பார்த்து, “இது காஸ்தானே, இதை ஏன் எவனும் விக்கலை?” என்று கேட்டார். அன்றைக்குப் போன புத்தி இன்னும் திரும்பவில்லை. பம்புக் கடையை ஏறக்கட்டினார். காய்கறிச் சந்தைக்குப் பின்னால், எங்கள் வீட்டை ஒட்டியிருந்த ஒரு காலி மனையைக் குத்தகைக்கு எடுத்து, எங்கள் வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம் போல ஒரு தொட்டி கட்டினார். அதன் மேல் கறுப்பு ரப்பர் கூடாரம். அழுகிய காய்கறியை அரைத்து உள்ளே விட்டால் சில நாளில் காஸ் ஊறிக் கூடாரம் உப்பும். அது உப்பினால் அத்தானும் கூடவே உப்புவார்.

சந்தையிலிருந்து கழிவை ஏற்றி வரும் சுமை ஆட்டோவை ஓட்டுவது நான். சம்பளம் கேட்டால், “நீ பங்குதாரர்மா” என்பார். எனக்கு இதுவரை கிடைத்த பங்கு நாற்றத்தில் மட்டும்தான்.

வீட்டு அடுப்புக்குக் காஸ் எடுப்பது பெரிய வித்தை இல்லை. விற்பதற்கு எடுப்பதுதான் வித்தை. தினமும் ஒரு டன் கழிவு ஓசியில் வந்தாக வேண்டும். ஊறுகிற காஸைத் தினமும் ஒருத்தர் எரித்தாக வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் கடையைச் சாத்த வேண்டியதுதான். முதலாவதைச் சந்தை கொடுத்தது, “எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்” என்று கையெடுத்துக் கும்பிட்டு. இரண்டாவதுக்கு அத்தான் எதிர்ச்சாரி ரொட்டிக் கடைக்காரரைப் பிடித்தார். அவர் அதிகம் பேசாத ஆள். பேசியதும் இவ்வளவுதான்: “முப்பது நாள் என் அடுப்பு அணையக் கூடாது. அணையலைன்னா அஞ்சு வருஷத்துக்கு எழுதித் தர்றேன். அணைஞ்சா உங்க குழாயை நீங்களே பிடுங்கிட்டுப் போயிருங்க.”

அந்தக் காகிதம் வந்தால்தான் குத்தகையை நீட்டுவேன் என்று மனைக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆறு வருஷப் பாடு அந்த முப்பது நாளில் தொங்கியது.

பதினோரு நாள் அடுப்பு ஜோராக எரிந்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டாவது நாள் காலையில் பெயர்ப்பலகை எழுதுகிறவரைக் கூட்டிவந்து, ஆளுயரப் பலகையில் சிவப்பு மையில் எழுதவைத்து வாசலில் மாட்டிவிட்டார்: ‘இங்கே காய்கறிக் கழிவு வாங்கப்படும்.’

“அத்தான், என்ன இது?”

“ஏன், எழுத்துப் பிழையா?”

“வாங்கப்படும்னா காசு கொடுத்து வாங்குறதுன்னு நினைக்க மாட்டாங்களா?”

“கையில வாங்குறதும் வாங்குறதுதானே? எல்லாரும் உன்னை மாதிரி குதர்க்கமா யோசிக்க மாட்டாங்க.”

சந்தை முழுக்க என்னை மாதிரியே யோசித்தது. மறுநாள் நான் ஆட்டோவைக் கொண்டுபோய் நிறுத்தினால், கும்பிட்ட கைகளில் எல்லாம் தராசு! நேற்று வரை குப்பையாகக் கிடந்த முட்டைக்கோஸ் இலை, சாக்கில் கட்டி அடுக்கி, எடை எழுதி உட்கார்ந்திருந்தது. சந்தைச் சங்கத் தலைவரான வெங்காய மண்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கிலோவுக்கு என்ன விலை போடுவீங்க?” என்றார். எடை கூடட்டும் என்று சாக்குகளைத் தண்ணீரில் வேறு முக்கியிருந்தார்கள். தண்ணீர் விட்டுத்தானே நாங்களே அரைக்கிறோம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கும் தலைவர் கோபித்துக்கொண்டார்.

வெறும் கையோடு திரும்பி வந்தால், வாசலில் பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி நிற்கிறாள், கையில் ஒரு கிண்ணம் வெங்காயத் தோல். “எடை போட்டுப் பாருங்க, காலையிலதான் உரிச்சது.”

அத்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எதிரில் பார்த்தது அன்றைக்குத்தான். சந்தைக்காரர்கள் கேட்கும் விலையைக் கொடுத்தால், எங்கள் காஸின் விலை கடைச் சிலிண்டரைவிட ஒன்றரை மடங்கு ஆகும். கொடுக்காவிட்டால் தொட்டி பட்டினி. அவர் பலகையைக் கழற்றப் போனார். தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா தடுத்தாள்.

“இருக்கட்டும் விடுங்க. நம்மகிட்ட இல்லாதது கழிவு. அவங்ககிட்ட இல்லாதது இடம். யாருக்கு முதல்ல மூச்சு முட்டுதுன்னு பார்ப்போம்.”

மூன்று நாள். நல்ல வெயில். சந்தை நடுவில் குவியல், வெங்காய மண்டியின் பெயர்ப்பலகை உயரத்துக்கு வந்துவிட்டது. ஈக்கள் சொந்தபந்தங்களை எல்லாம் அழைத்து வந்தன. காய் வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பினார்கள். பதினாறாவது நாள் தலைவர் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார்.

“தங்கச்சி, அன்னைக்கு ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஓசியாவே எடுத்துக்கங்க.”

“ஓசி போன வாரம் அண்ணே. இந்த வாரம் நடைக்கு இவ்வளவு கூலி” என்று அக்கா ஒரு தொகை சொன்னாள்.

“என்னம்மா அநியாயம்! வாங்கப்படும்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க?”

“ஆமாண்ணே. கூலி வாங்கப்படும்.”

தலைவர் போன பிறகு நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் தையல் மிஷின் ஆடியது. நான் அன்றைக்கு ஒன்பது நடை அடித்தேன். ஒவ்வொரு நடைக்கும் காசு! குப்பையை அள்ளவும் காசு, அதிலிருந்து வரும் காஸுக்கும் காசு. அத்தான் ஆட்டோவின் முன்னாலேயே ஒரு ஆட்டம் போட்டார், ஐம்பத்திரண்டு வயதில்.

ஆட்டத்தின் நடுவில் கூடாரத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது தொட்டியோடு ஒட்டிக் கிடந்தது. இன்றைக்குப் போட்டது இன்றைக்கே காஸ் ஆகிவிடாது, மூன்று நாளாவது ஊற வேண்டும். மிச்சமிருந்தது அன்றைய ரொட்டிக்கே கொஞ்சம் இழுபறி.

“சொல்லாதீங்க அத்தான்” என்றேன். “ராத்திரியோட ராத்திரியா ரெண்டு சிலிண்டரைக் குழாயில மாட்டிவிட்டா அவருக்குத் தெரியவா போகுது?” வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான்தான் சொன்னேன்.

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு ரொட்டிக் கடைக்குக் கிளம்பிவிட்டார். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். ரொட்டிக் கடைக்காரர் முழங்கை வரை மாவோடு பிசைந்துகொண்டிருந்தார். அத்தான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்: “நாளையிலேருந்து மூணு நாள் காஸ் வராதுங்க. தப்பு என்மேலதான். குழாயைக் காலையில வந்து கழட்டிக்கிறேன்.”

“மூணு நாளா, நாலு நாளா?”

“மூணு. நாலாவது நாள் காலையில வந்துரும்.”

ரொட்டிக் கடைக்காரர் மாவை விட்டு நிமிர்ந்தார். “முப்பது வருஷமா அடுப்பு வச்சிருக்கேன். விறகுக்காரன் வர மாட்டான். சிலிண்டர்காரன் வர மாட்டான். மாவுக்காரனும் வர மாட்டான். அடுப்பு அணைஞ்ச பிறகுதான் எனக்கே தெரியும். நாளைக்கு வராதுன்னு இன்னைக்கே வந்து சொன்ன மொத ஆள் நீங்கதான்யா.”

அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அந்த மேசை டிராயரைத் திறம்மா, காகிதம் இருக்கும்” என்றார் ரொட்டிக் கடைக்காரர் என்னிடம். “என் கையெல்லாம் மாவு. நீயே எழுது. அஞ்சு வருஷம். காஸ் நிக்கிறதா இருந்தா முந்தின நாளே வந்து சொல்லணும். வேற நிபந்தனை ஒண்ணும் வேண்டாம்.”

நான் எழுதினேன். அத்தான் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து, முகமெல்லாம் மாவாக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.