ரேடியேட்டருக்குள் போட்ட மஞ்சள்

என் மச்சானுடைய வலது கையில், முழங்கைக்குக் கீழே, தோல் வெளுத்துப் பளபளவென்று இருக்கிறது. யார் கேட்டாலும், "வண்டி ஹீட்டு சார்" என்று மட்டும் சொல்லுவான். அந்த ஹீட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியவன் நான்.

நாங்கள் தாம்பரத்தில் முடிச்சூர் பக்கம் இருக்கிறோம். எனக்கு இருப்பது ஒரே ஒரு ட்ரெய்லர் வண்டி. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனிகளில் கொண்டுபோய் இறக்கும் வேலை. முப்பது வருஷம் நானே லாரி ஓட்டினேன். இரண்டு முட்டியும் போன பிறகு என் மனைவியின் தம்பி ஓட்டுகிறான். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாமா என்பான். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருக்கிறான்.

ஒரு காலத்தில் அவனுக்குக் குடி இருந்தது. நிறையவே இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் திருநீர்மலையில் பெருமாளுக்கு முன் துளசி மாலை போட்டுக்கொண்டான், அன்றோடு விட்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன், எனக்கு சந்தேகமே கிடையாது. என் மனைவி அப்படி இல்லை. அவன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் போதும், முகத்துக்கு நேரே வந்து நின்று மூச்சை மோந்து பார்ப்பாள். கூடப் பிறந்தவள், அவனால் அதிகம் அழுதவளும் அவள்தான். குறை சொல்ல முடியாது.

வண்டி ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது போன மாசி மாதம். ஒருநாள் காலையில் வண்டிக்கு அடியில் பச்சையாக ஒரு கைக்குட்டை அளவு ஈரம். மச்சான் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "கூலன்ட் ஒழுவுது மாமா. பாய்கிட்ட வுட்டுடலாம்" என்றான். பாய் என்பவர் வண்டலூர் தாண்டித் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக். எங்கள் வண்டிக்கு அவர்தான் வைத்தியர்.

"இதுக்கெல்லாமா பாய்? ரெண்டு நடை போய்ட்டு வா, பாக்கலாம்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்கு என் தலைக்கனம்தான் காரணம். நான் ஓட்டிய காலத்தில் ரேடியேட்டர் ஒழுகினால் யாரும் ஒர்க்‌ஷாப்பைத் தேட மாட்டோம். வழியில் ஒரு மளிகைக் கடையில் நிறுத்தி மஞ்சள் தூள் வாங்கி, ஒரு கை அள்ளி உள்ளே போடுவோம். அது ஊறிப் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். ஆந்திரா வரைக்கும் போய் வந்திருக்கிறேன் அப்படி.

வெள்ளிக்கிழமை தோறும் என் மனைவி வண்டிக்குப் பூஜை போடுவாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் கேபினுக்கு முன்னால் பொட்டு வைத்துவிட்டு உள்ளே போனதும், தட்டில் மீதியிருந்த மஞ்சள் தூளை அள்ளினேன். கேபினுக்குப் பின்னால், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் டேங்க் மூடியைத் திறந்து, "நாராயணா" என்று சொல்லிப் போட்டேன். சாமிக்கு வைத்த மஞ்சள், மங்களமான பொருள், இதனால் கெடுதல் வருமா என்றுதான் நினைத்தேன். மச்சான் அப்போது குளித்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான் என்று கூச்சம்.

ஒழுகல் நின்றது. எனக்குள் ஒரே பெருமை. இரண்டு வாரத்தில் மறுபடி ஈரம் தெரிந்தது, மறுபடி போட்டேன். மூன்றாவது முறை கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

மூன்றாவது முறை போட்ட நான்காம் நாள், பகல் பதினோரு மணி இருக்கும், அவனிடமிருந்து போன் வந்தது. நான் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மனைவி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, காலைலர்ந்து மூணு வாட்டி தண்ணி போட்டுட்டேன், அப்பவும் அடங்கல. சிங்கப்பெருமாள் கோவில்கிட்ட ஓரங்கட்டிக்கினேன்" என்றான். லாரிச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

அவன் சொன்னது வண்டிக்கு ஊற்றிய தண்ணீரை. என் மனைவி காதில் 'மூணு வாட்டி தண்ணி போட்டுட்டேன்' மட்டும்தான் விழுந்தது. போனை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் வண்டியைச் சொல்றான்மா" என்றேன்.

"வண்டிக்கு ஊத்துவாங்க. போடறது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அடுத்த போன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. மச்சான் அந்த டேங்க் மூடியைத் திறந்திருக்கிறான். கொதிக்கும் தண்ணீர் பீறிட்டுக் கையிலும் மார்பிலும் அடித்துவிட்டது. நாங்கள் ஆட்டோவில் போய்ப் பார்த்தபோது கையில் கட்டு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். துளசி மாலையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். என்னைப் பார்த்து, "ஹீட்டு காட்ற முள்ளு எறங்கிச்சு மாமா. அரை மணி நேரம் வெயிட் பண்ணேன். முள்ளு நல்லா எறங்கின அப்பறம்தான் சாக்கை நனைச்சிப் போட்டுத் தொறந்தேன்" என்றான். அக்கா பக்கம் திரும்பினான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "புத்தி தெளிவா இருக்கறவன் எவனாவது கொதிக்கற மூடியைத் திறப்பானா? கை ஆறட்டும். ஆறினதும் அவன் வேற இடம் பாத்துக்கட்டும். இன்னொரு தடவை என்னால அழ முடியாது."

மேலே மாடியில் அவனுக்கு அது கேட்டிருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் அப்படி.

வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பாய் கொட்டகையில் விட்டோம். மறுநாள் நான் போனேன். கேபினை முன்னால் சாய்த்து வைத்திருந்தார். கீழே திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்தார். பச்சையாக வர வேண்டியது, மஞ்சளும் பழுப்புமாகக் கூழ் போல வந்தது. பாய் கையில் எடுத்து மோந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இன்னா சார் இது, சாம்பாரா? பருப்பு ஒண்ணுதான் கொறைச்சலா கீது."

நான் குனிந்து அந்தக் கூழைப் பார்த்தேன்.

"உன் மச்சான் வேலைதானே இது? மஞ்சத்தூள் போட்ருக்கான் சார். அதெல்லாம் அந்தக் காலத்து ரேடியேட்டர். இதுல டியூபு ஊசி கணக்கா கீது, மொத்தமா அடைச்சிக்கிச்சு. இங்க பாரு." ஸ்க்ரூ போல ஒன்றைக் கழற்றிக் காட்டினார். சூடு பார்க்கும் சென்சார். அதன் முனையில் மஞ்சள் சேறு கட்டிக் காய்ந்திருந்தது. "இதும் மேல இப்படி அப்பிக்கினு இருந்தா முள்ளு எப்டி சார் உண்மைய சொல்லும்? உள்ள கொதிச்சிகினே கீது, வெளிய முள்ளு எறங்குது. அத்த நம்பித் தொறந்துட்டான். அவன் போட்ட மஞ்சள் அவன் கையிலயே அடிச்சிச்சு. அவன்தானே போட்டான்?"

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துதான். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை. தலை ஆடுவது போல அது பாட்டுக்கு வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப எடுக்கத் தோன்றவில்லை. பாய் அதைக் கேட்டுவிட்டுக் குழாயைப் பிடுங்கப் போய்விட்டார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் சாப்பாடு சத்தமில்லாமல் நடந்தது. மனைவி தட்டில் போட்டு வைப்பாள், மச்சான் கீழே வந்து இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவான். ஒருநாள் அவள் அவன் பக்கத்தில் குனிந்து தண்ணீர் டம்ளர் வைக்கும்போது மூச்சை இழுத்து மோந்தாள். அவன் கண்டுகொண்டான். வாயைத் திறந்து காட்டிவிட்டு, "மருந்து நாத்தம்தான் அக்கா" என்றான். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரசம் ஊற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை திருநீர்மலைக்குத் தனியாகப் போனேன். எப்போதும் அவன் தோளைப் பிடித்துத்தான் படி ஏறுவேன். அன்றைக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, ஒருவழியாக மேலே போனேன். ரங்கநாதர் படுத்திருந்தார். "பெருமாளே, அவன் கை நல்லபடியா ஆறணும், அவ மனசு மாறணும்" என்று வேண்டிக்கொண்டேன். பட்டர் தீர்த்தம் கொடுத்தார். கையை நீட்டியபோதுதான், நான் கேட்டது என்ன என்று எனக்கே விளங்கியது. அவள் மனசை மாற்ற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை என் வாய்க்குள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இங்கே வந்து பெருமாளை வேலை வாங்குகிறேன். வெட்கமாக இருந்தது. தீர்த்தத்தைக் குடித்தேன், இறங்கினேன். ஆனாலும் அன்றும் வீட்டில் சொல்லவில்லை. முட்டி வலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை புது ரேடியேட்டர் வந்தது. செயின் பிளாக் போட்டுப் பழையதை மேலே தூக்கி எடுத்தார்கள். எஞ்சின் முழுக்கத் தண்ணீர் விட்டு விட்டு, மஞ்சள் போகும் வரை கழுவினார் பாய். புதியதை இறக்கி, அடியில் ரப்பர் வைத்து, மேல் ஓஸ் கீழ் ஓஸ் என்று ரப்பர் குழாய்களை எல்லாம் மாட்டி, மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பைப் பொருத்திக் காற்று அடித்தார். ஒழுகல் எதுவும் இல்லையென்றால் பம்பின் முள் அசையாமல் நிற்கும். அது மெல்ல மெல்ல இறங்கியது.

கீழ் ஓஸில் கிளாம்ப் ஏறியிருந்த இடத்தில் ஒரு வெடிப்பு. ஓஸை மாற்றினார். மறுபடி அடித்தார். மறுபடி இறங்கியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தவர் வெகு நேரம் வரவில்லை. கடைசியில் வாட்டர் பம்புக்குக் கீழே இருக்கும் சின்னத் துளையிலிருந்து சொட்டுவதைக் கண்டுபிடித்தார்.

"முதல் முதல்ல ஒழுவினதே இங்கதான் சார். அன்னிக்கே இட்டுகினு வந்திருந்தா பம்ப்பு சீல் ஒண்ணு மாத்தறதோட போயிருக்கும். ரேடியேட்டர் மேல ஒரு தப்பும் இல்ல. மஞ்சத்தைப் போட்டு நல்லா இருந்தத்த சாவடிச்சிட்டான். பேஜார் புடிச்ச ஆளுப்பா உன் மச்சான்."

இதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மச்சான் கொட்டகை வாசலில் நின்றிருந்தான். ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறான். வண்டியைப் பார்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை போல. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"வாப்பா சமையல்காரா!" என்றார் பாய். "அடுத்த தபா வெங்காயம் தக்காளியும் சேத்துப் போடு. வழியில இட்லிக்குத் தொட்டுக்கலாம்."

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது பச்சை விழுமா என்று பார்ப்போமே, அப்படி. நான் கீழே கிடந்த பழைய ஓஸைப் பார்த்தேன். அவன் பாய் பக்கம் திரும்பி, "காரம் எப்டி பாய், கரீக்டா இருந்துச்சா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை எனக்கு.

"பாய், மஞ்சள் போட்டது நான்" என்றேன்.

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நீயா சார்?"

"நான்தான். மூணு தடவை போட்டேன். அவனுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் மாமா" என்றான் மச்சான். "மூடி வெடிச்சி கீழ வுழுந்துச்சு இல்ல, உள்பக்கம் பூரா மஞ்சளா இருந்துச்சு. ஆஸ்பத்திரில டாக்டரே திட்டினாரு. சுட்ட எடத்துல மஞ்சத்தூள் வெச்சிகினு வந்திருக்கியே, அறிவு இல்லியான்னு. நம்ம வண்டில யார் மஞ்சள் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். எட்டு நாளா பாத்துகினு இருந்தேன்." அவன் வண்டிக்கு அடியில் குனிந்து புது ரேடியேட்டரை எட்டிப் பார்த்தான். அங்கிருந்தே சொன்னான்: "பாய்கிட்ட சொல்லி இன்னா மாமா ஆவப் போவுது? அக்காகிட்ட போய் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் சொன்னேன். மனைவி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பாயிடம் 'ம்' என்று சொன்னது உட்பட. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். திரியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் அவன் வாயை மோந்து பாக்கறப்ப நீங்க எதிர்ல உக்காந்திருந்தீங்க இல்ல?"

"ஆமாம்."

"சோறு தின்னுக்கிட்டு."

 அவள் விளக்கை ஏற்றாமல் எழுந்து மாடிக்குப் போனாள். மேலே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரில் யாருடையது என்று தெரியவில்லை. விளக்கை நானே ஏற்றினேன். முதல் குச்சி அணைந்துவிட்டது.

வாட்டர் பம்ப் மாற்றி, கூலன்ட் ஊற்றி, கைப்பம்பின் முள் அசையாமல் நின்ற பிறகுதான் பாய் வண்டியை விட்டார். மச்சான் கை ஆறிப் பழையபடி ஓட்டுகிறான். மாடியிலேயேதான் இருக்கிறான். என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். சனிக்கிழமை திருநீர்மலையில் தோளும் கொடுக்கிறான். ஆனால் முன்னெல்லாம் வண்டியில் சின்னச் சத்தம் வந்தாலும் என்னிடம் சொல்லுவான். இப்போது நேராகப் பாயிடம் போய்விடுகிறான்.

போன வெள்ளிக்கிழமை பூஜை. மனைவி மஞ்சள் தட்டோடு வண்டியைச் சுற்றிப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். கேபினுக்குப் பின்பக்கம் வந்தபோது மச்சான் மேலே எட்டி, வெளுத்த கையால் டேங்க் மூடியைப் பொத்திக்கொண்டான்.

"அக்கா, வெளிய மட்டும் வைம்மா."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். இரண்டு பேரும் என் பக்கம் பார்க்காமலே சிரித்தார்கள். நான் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, வண்டி கிளம்பட்டும் என்று ஓரமாக நின்றேன்.