ஊறுகாய் பாட்டிலில் ஒரு புழு

எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருந்த புழு இன்னதென்று கண்டுபிடித்தவள் நான்தான். அதற்காக யாரும் எனக்கு மாலை போடவில்லை. நடந்ததை யோசித்தால் போடாததும் நியாயம்தான்.

1991இல் நான் ஆறாம் வகுப்பு. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி இன்னும் ஏரியும் வயலும்தான். ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த சித்தப்பா, வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டி ஒரு தொட்டி செய்தார். கிணற்றுத் தண்ணீரில் எவனும் மீன் வளர்ப்பான், நான் கடல் மீன் வளர்க்கிறேன் என்று ஞாயிறுதோறும் மூன்று பஸ் மாறிக் கோவளம் போய் இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவருவார். கூடவே எடுத்துவந்த கல்லிலிருந்துதான் அந்தப் புழுக்கள் கிளம்பின. விரல் நீளம், இளஞ்சிவப்பு, இரு பக்கமும் வெள்ளை மயிர்.

அம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "இது இன்னா புழுன்னு ஒரு மாசத்துல தெரியணும். இல்லன்னா தொட்டியோட குப்பையில கொட்டிடுவேன்" என்று கெடு வைத்தாள். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லை, வயிற்றுப் பூச்சி என்றார். எனக்கும் தம்பிக்கும் அன்றே விளக்கெண்ணெய் கிடைத்தது. கடலோரத்து ஆட்களுக்குத்தான் தெரியும் என்று சித்தப்பா வாராவாரம் ஒரு புழுவை ஊறுகாய் பாட்டிலில் போட்டு எடுத்துப்போனார். திரும்பி வந்து, தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்பார். கெடு நெருங்க நெருங்க நான் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். தொட்டியிலிருந்த வரிமீன் மேல் எனக்கு உயிர்.

ஒரு ஞாயிறு அவருக்குக் காய்ச்சல். தண்ணீர் மாற்றாவிட்டால் மீன் செத்துவிடும் என்று நான் அழுத அழுகையில் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் அலையில் இறங்கிக் கேனை நிரப்ப, நான் புழு போட்ட ஊறுகாய் பாட்டிலோடு மணலில் நின்றேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த ஓர் அக்கா என்னைப் பார்த்து நின்றாள்.

"இந்த பாட்டிலு எனக்குத் தெரியுமே. உங்க சித்தப்பா வரலியா?"

காய்ச்சல் என்றேன். கையோடு, இது என்ன புழு என்றும் கேட்டேன்.

"கல்லுக்குள்ள கீற புழு. தூண்டில்ல மாட்டுவோம். மீனை ஒண்ணும் பண்ணாது, செத்ததத் தின்னுக்கினு கெடக்கும். கையால தொடாத, முள்ளு ஏறும். உங்க சித்தப்பாகிட்ட எத்தினி வாட்டி சொல்றது? வாரம் தவறாம இதையே கேக்குறாரு!"

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிலை ஒரு வார்த்தை விடாமல் எல்லார் முன்னாலும் ஒப்பித்தேன். தொட்டி தப்பித்தது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். யார் அந்த அக்கா என்று அப்பா கேட்டார். கன்னத்துக் குழி வரை வர்ணித்தேன்.

"அதான் தெரிஞ்சிடிச்சே. இனிமே யாரும் கோவளத்துக்குப் போவ வேணாம்" என்றார் அப்பா.

புதுத் தண்ணீர் இல்லாமல் என் வரிமீன் மூன்றே வாரத்தில் மிதந்தது. தை மாதம் வாலாஜாபாத்தில் பெண் பார்த்துச் சித்தப்பாவுக்குக் கல்யாணமும் ஆயிற்று.

கோவளம் போய்வந்த மறுநாள் காலையில் சித்தப்பா போர்வையை விலக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அவர் என்னைத் திட்டவே இல்லை. "அது வேற எதுனா சொல்லிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நன்றாக யோசித்துவிட்டு, இல்லை என்றேன். காய்ச்சல் என்றதும் அவள் முகம் மாறியதும், மாத்திரை போட்டாரா, கஞ்சி குடித்தாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டதும், கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு உதடு அசைய நின்றதும் எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. அதெல்லாம் புழுவைப் பற்றியது இல்லையே என்று விட்டுவிட்டேன்.