கெண்டைக்கும் பிறந்த வீடு உண்டு

மீன்கடைக்காரன் வாயை மூடினால் மீன் நாறும். அதனால்தான் ஆஸ்டின் டவுனில் நான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். கடை வைத்து வாடிக்கைக்காரர்களிடம் மாட்டிக்கொண்ட உங்களுக்கெல்லாம் இது புரியும்.

வயிறு நிறையச் சினை

முதல் மழைக்குப் பிறகு காவிரிக் கெண்டை வந்திருந்தது. பக்கத்துப் பேட்டையான நீலசந்திராவிலிருந்து வரும் கலாவுக்கு அப்போது ஆறாம் மாசம். அவள் கேட்ட மீனை, என் கடையில் மீன் வெட்டும் பாஷா பிளந்தார். உள்ளே முழுக்கச் சினை. "புதுவெள்ளம் வந்தா முட்டை போட எதிர்நீச்சல் அடிச்சு மேல ஏறும்மா. ஆழமில்லாத கலங்கல் தண்ணிதான் அதுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. போட்டுட்டு மறுபடி மடுவுக்கு இறங்கிடும்" என்று அளந்தேன். கலா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்போ அம்மா வீட்டுக்குப் போற வழியிலயா பிடிச்சீங்க, தாத்தா?"

ஒகேனக்கல்லில் குதித்தது

அடுத்த தடவை முகம் வாடி வந்தாள். சிரிக்க வைக்கலாமே என்று, "ஒகேனக்கல் அருவியையே ஒரு கெண்டை தாண்டினதை என் கண்ணால பார்த்தேன். கொஞ்சம் அதிகமா எகிறி, கரையில மீன் வறுக்கிற சட்டியிலேயே விழுந்திடுச்சு" என்றேன்.

"உப்பு மொளகா தடவிக்கிட்டுத்தான் குதிச்சுதா அண்ணே?" என்றார் பாஷா.

சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள் கலா. அந்த அருவிக்குப் பக்கத்துப் பென்னாகரம்தான் அவள் ஊர். தானே பார்த்துக் கட்டிக்கொண்டதிலிருந்து அம்மாவோடு பேச்சில்லை. தலைப்பிரசவம், வளையல் போட்டு அழைத்துப்போக ஆள் வரவில்லை. "கெண்டையை யாரும்மா கூப்பிட்டாங்க? தண்ணி வந்ததும் அதுவா போகுதே" என்றேன்.

"மீனுக்கு ரோஷம் கிடையாது, தாத்தா."

மண்வாடை

பொய்யன் சும்மா இருப்பானா? அடுத்த கெண்டையைக் கையில் கொடுக்கும்போதே, "இதுல மண்வாடை அடிக்கும். எப்படிக் கழுவறதுன்னு எனக்குத் தெரியாது, ஆத்தோரத்து ஆளுங்களைத்தான் கேக்கணும். உங்க அம்மாவுக்கு போன் போட்டு மீனைப் பத்தி மட்டும் கேளு, வேற ஒண்ணும் பேசாதே" என்றேன். பாஷா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

அப்புறம் பல வாரம் அவள் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க. கூட வந்த அம்மா நேராக மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சாயங்கால பஸ்ஸில் மகளை ஊருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மோர்ல ஊறவெச்சா மண்வாடை போகும்னு தெரியாத மீன்காரரை இப்பத்தான் பாக்கறேன்."

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பொய்களில், ஐஸ் வைக்காமலே கெடாமல் இருப்பது இது ஒன்றுதான்.